அட்டை இல்லாத புத்தகம் குறித்த விசாரணை

வருஷக் கடைசியில் எங்கள் குடிநீர் அலுவலகத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. அது குடிநீரைப் பற்றியது அல்ல என்பதால் எல்லோரும் கவனமாகப் படித்தார்கள்.

"இவ்வலுவலகத்தில் பணிபுரியும் அனைவரும் கடந்த ஓராண்டில் தாம் வாசித்த நூல்களைத் திரும்பிப் பார்த்து, அவற்றின் விவரங்களை உடனே சமர்ப்பிக்க வேண்டும். திரும்பிப் பார்க்கத் தவறுவோர் மீது தக்க நடவடிக்கை எடுக்கப்படும்."

கீழே இயக்குநர் கையெழுத்து.

இயக்குநர் அந்த வருஷம்தான் எங்கள் துறைக்கு வந்தவர். வருஷம் முடியும்போது படித்தவர்கள் எல்லாம் இணையத்தில் தாங்கள் படித்ததைக் கணக்குப் போட்டுக் காட்டுகிற வழக்கம் இப்போது பரவியிருக்கிறது அல்லவா, அதில் அவருக்குத் தீராத ஈடுபாடு. கன்னத்தில் கை வைத்த ஒரு படத்தோடு, "இந்த ஆண்டு நூற்றுப் பன்னிரண்டு நூல்கள்" என்று போட்டிருந்தார். வேறொரு துறையில் இயக்குநராக இருக்கும் அவருடைய நண்பர் அதைப் பார்த்துவிட்டு, கன்னத்தில் இரண்டு கையும் வைத்து, நூற்றுப் பதினாலு என்று போட்டுவிட்டார். தனி ஆளாக ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும், எங்கள் இயக்குநர் துறையோடு சேர்ந்து ஜெயிப்பது என்று முடிவு செய்தார். சுற்றறிக்கை வந்த கதை இதுதான்.

நான் அங்கே சுருக்கெழுத்தர். என்னை எல்லோரும் "சுருக்கு" என்று கூப்பிடுவார்கள். கூட்டங்களில் பேசுவதை எழுதி எடுப்பது என் வேலை என்பதால், எங்கள் அலுவலகத்தில் என்ன நடந்தாலும் அது என் காதில் விழுந்துதான் நடக்கும்.

சுற்றறிக்கையை விளக்க இயக்குநர் ஒரு கூட்டம் போட்டார்.

"நேரமில்லைன்னு யாரும் சொல்லக் கூடாது. எனக்கு ஒரு புத்தகத்துக்குப் பத்து நிமிஷம்தான் ஆகும். முன்னட்டையை ஆழமா வாசிக்கணும். பின்னட்டையை ரெண்டு தடவை வாசிக்கணும். நடுவுல இருக்கிறது எல்லாம் அதோட விரிவாக்கம்தானே?" என்றார்.

கூட்டத்தில் முதலில் கை தட்டியது, நாங்கள் "அடுக்கு" என்று கூப்பிடும் இளைஞன். அவன் ரசீதுப் பிரிவில் உதவியாளன். புத்தகங்களை நிறவாரியாக அடுக்கிவைத்து, பக்கத்தில் ஆவி பறக்கும் காபிக் கோப்பையையும் பவர் இல்லாத மூக்குக் கண்ணாடியையும் வைத்துப் படம் எடுத்துப் போடுவான். அந்தப் பெயர் அப்படி வந்ததுதான். கூட்டம் முடிந்ததும் அவனைச் சுற்றி ஒரே கும்பல். யார் யாருக்கு எது எது பொருந்தும் என்று பார்த்து, ஆளுக்கு இருபது முப்பது நூல்களைப் பங்கிட்டுக் கொடுத்தான். ஒரே வாரத்தில் எங்கள் அலுவலகம் ஆயிரக்கணக்கான நூல்களை வாசித்து முடித்தது. எனக்கு இருபத்தி நாலு வந்தது. அதில் மூன்று சமையல் புத்தகங்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

புகார் அக்கா மட்டும் யாரிடமும் போகவில்லை.

அக்கா புகார்ப் பிரிவு ஜன்னலில் உட்கார்ந்திருப்பவர். "தண்ணி வரலை", "வருது, ஆனா மஞ்சளா வருது", "எங்க வீட்டுக்கு வராம எதிர்வீட்டுக்கு மட்டும் வருது" என்று ஊரே அந்த ஜன்னலில் வந்து கொட்டும். வாங்கி வாங்கி அவர் முகம் எதற்கும் அசையாத முகமாக ஆகிவிட்டது. அந்தப் பிரிவில் கண்காணிப்பாளர் பதவி காலியாக இருந்தது. வரிசைப்படி அது அக்காவுக்குத்தான் வர வேண்டும். அவரும் பல வருஷமாக அதற்குத்தான் காத்திருந்தார்.

அப்படிப்பட்டவர் எழுதிக் கொடுத்திருந்ததைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வாசித்த நூல்: ஒன்று. பெயர்: தெரியவில்லை. ஆசிரியர்: தெரியவில்லை. முடித்தீர்களா: இல்லை. கருத்து: நல்லா இருந்தது."

நேராக அவரிடம் போனேன். "அக்கா, என்ன இது? பதவி உயர்வு வர்ற நேரத்துல விளையாடுறீங்களா?"

"விளையாடலையே. இந்த வருஷம் படிச்சது அது ஒண்ணுதான். பஸ்ல போகும்போது கொஞ்சம், வரும்போது கொஞ்சம். நல்ல இடம் வந்தா மூடி வெச்சுட்டு ஜன்னல் வழியா வேடிக்கை பார்ப்பேன். அப்படியே வருஷம் ஓடிப் போச்சு."

"பேர் கூடவா தெரியாது?"

"அட்டை இல்லப்பா. எங்க வீட்டுக்காரர் ஒரு வீட்டுக்கு ஒயரிங் வேலைக்குப் போனாரு. அங்க பிரிட்ஜ் ஆடாம இருக்கணும்னு காலுக்கு அடியில அந்தப் புத்தகத்தைக் குடுத்து வெச்சிருக்காங்க. பாவம்னு ஒரு மரக்கட்டையை வெச்சுட்டு இதை எடுத்துட்டு வந்துட்டாரு. முன்னாடியும் கொஞ்சம் இல்லை, கடைசியிலயும் கொஞ்சம் இல்லை. ஈரத்துல ஊறி உதிர்ந்து போச்சு."

"சரி, அதையும் வெச்சுக்கோங்க. கூட ஒரு இருபது எழுதிடுங்க. அடுக்குகிட்ட சொல்றேன்."

"வேண்டாம்" என்றார்.

அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். "நாளைக்குக் காலையில தண்ணி வந்துடும்" என்று வருஷக்கணக்காக முகம் மாறாமல் சொல்லி வந்தவர்தான். ஆனால் அந்தப் புத்தகம் விஷயத்தில் மட்டும் அவருக்கு அப்படி ஒரு பிடிவாதம். அது அலுவலகம் சம்பந்தப்படாத விஷயம் என்பதால் உண்மை சொல்லலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

இதற்குள் "வாசிப்புச் சரிபார்ப்புக் குழு" ஒன்று அமைக்கப்பட்டது. தலைமைப் பொறியாளர் தலைவர், சட்ட அலுவலர் உறுப்பினர், நான் எழுதி எடுப்பவன். முதல் அமர்விலேயே தலைமைப் பொறியாளர் ஒரு சிக்கலைக் கிளப்பினார்.

"ஒருத்தர் புத்தகத்தைப் படிச்சாரா இல்லையான்னு நாம கேள்வி கேட்கணும்னா, நாமளும் அதைப் படிச்சிருக்கணுமே. நான் காலேஜ் விட்டப்புறம் ஒண்ணும் படிக்கலையே சார்."

சட்ட அலுவலர் சற்றும் கலங்கவில்லை. "படிச்சவங்களுக்கு அந்தப் புத்தகத்து மேல ஒரு அபிப்பிராயம் இருக்கும். அபிப்பிராயம் இருக்கிறவங்க விசாரிச்சா அது ஒருதலைப்பட்சம். படிக்காதவங்கதான் நடுநிலையோட விசாரிக்க முடியும். நாம ரெண்டு பேரும் அதுக்கு முழுத் தகுதி உள்ளவங்க."

அதன்படி, படிக்காமலே கேட்கக்கூடிய கேள்விகள் தயாரிக்கப்பட்டன. அட்டை என்ன நிறம்? எத்தனை பக்கம்? விலை என்ன? அடுக்கு உள்ளே வந்து எல்லாவற்றுக்கும் மூச்சு விடாமல் பதில் சொன்னான். நிறத்தைக் கேட்டால் அது என்ன சாயல் என்பது வரை சொன்னான். தலைமைப் பொறியாளர் அசந்துபோய், "இந்த வயசுல என்ன ஞானம்" என்றார். அதையும் எழுதிக்கொண்டேன்.

அடுத்து புகார் அக்கா.

"புத்தகத்தோட அட்டை என்ன நிறம்மா?"

"அட்டை இல்லீங்க சார்."

"விலை?"

"சும்மா கிடைச்சதுங்க."

"எழுதினவர் யாரு?"

"தெரியாது சார். ஆனா நல்ல மனுஷனா இருப்பாரு. இல்லைன்னா மனுஷியா இருப்பாங்க."

சட்ட அலுவலர் பேனாவை மூடி வைத்தார். "பேர் இல்லை, ஆசிரியர் இல்லை, அட்டை இல்லை, விலை இல்லை. சட்டப்படி பார்த்தா இப்படி ஒரு புத்தகமே இல்லை."

"அப்போ ஒரு வருஷமா நான் பஸ்ல எதைப் படிச்சேன் சார்?"

"அதைத்தான் விசாரிக்கப் போறோம்."

இல்லாத நூலை வாசித்ததாகத் துறைக்குத் தகவல் அளித்தது என்று அக்கா மேல் குற்றச்சாட்டு எழுதப்பட்டது. நிரூபணமானால் பதவி உயர்வு போகும். சம்பள உயர்வும் நிற்கும். அக்கா மறுநாள் புத்தகத்தையே கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். முனை எல்லாம் சுருண்டு, கறை படிந்து, கட்டிவைத்த பழைய துணிபோல இருந்தது. "இந்தாங்க சார், இதுதான். பிரிச்சுப் பாருங்க."

சட்ட அலுவலர் இரண்டடி பின்னால் போனார். "இது இப்போ பொருட்சான்று. பொருட்சான்றை நாங்க பிரிக்கக் கூடாது." உடனே ஓர் உறை வரவழைத்து, அதற்குள் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, ஆவண அறைக்கு அனுப்பிவிட்டார். அக்காவின் கை கொஞ்ச நேரம் அந்தரத்திலேயே நின்றது.

"அப்போ நான் எப்படி சார் நிரூபிக்கிறது?"

"வாய்மொழியா சொல்லுங்க. உள்ளே என்ன இருந்துச்சுன்னு ஆரம்பத்துல இருந்து."

அக்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். ஊர்க்காரர்கள் சொல்வதைக் கேட்டே காலம் போன அவரைப் பார்த்து, முதல்முறையாக ஒருவர் "சொல்லுங்க" என்கிறார்.

"ஒரு நர்ஸ் பொண்ணு சார். புது ஊர்ல வேலை கிடைச்சுப் போறா. ரயில்ல இருந்து இறங்குற அவசரத்துல, தன் பெட்டின்னு நினைச்சு வேற யாரோ ஒருத்தரோட பெட்டியை இறக்கிட்டு வந்துடுறா. ரூமுக்குப் போய்த் திறந்து பார்த்தா, ஒரு குழந்தையோட புதுச் செருப்பு, ஒரு வீட்டோட போட்டோ, ஒரு சாவி. வேற ஒண்ணுமே இல்லை."

"உடனே போலீஸ்ல ஒப்படைச்சிருக்கணும்" என்றார் சட்ட அலுவலர்.

"அவளும் அப்படித்தான் சார் கிளம்புறா. வாசல் வரைக்கும் போறா. அப்புறம் அந்தச் செருப்பைப் பார்க்கிறா. அடி தேயவே இல்லை. யாருக்கு வாங்கினாங்க, அந்தக் குழந்தை எங்க காத்துட்டு இருக்குன்னு நினைப்பு வந்துடுது. திரும்பி உள்ள வந்துடுறா."

சட்ட அலுவலர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அவளோட பெட்டி?" என்று கேட்டார் தலைமைப் பொறியாளர்.

"அதைத்தான் சார் நானும் நினைச்சேன். அந்த ஆள்கிட்டதானே போயிருக்கும்? அவ பெட்டியில அவ அம்மாவோட கம்பளிச் சட்டை இருக்கு."

சாப்பாட்டு மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

விசாரணை மறுநாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது. மறுநாளும் ஒத்திவைக்கப்பட்டது. குழு தினமும் கூடியது. தலைமைப் பொறியாளர் பார்க்க வேண்டிய உடைந்த குழாய்கள் எல்லாம் உடைந்தபடியே இருந்தன. நர்ஸ் போகிற வழியில் வெள்ளத்தில் பாலம் போய்விட்டது என்று அக்கா சொன்ன அன்றைக்கு மட்டும் அவர் ரொம்பக் கோபப்பட்டு, "அஸ்திவாரம் சரியாப் போட்டிருக்க மாட்டானுங்க" என்று மேஜையைத் தட்டினார். நர்ஸுக்குக் காய்ச்சல் வந்து யாருமில்லாத சத்திரத்தில் படுத்திருந்த இடம் வந்தபோது, சட்ட அலுவலர் கைக்குட்டையை எடுத்து, "இந்த ரூம்ல ஒரே தூசி" என்றார்.

புகார் ஜன்னலில் "அலுவலர் விசாரணையில் இருக்கிறார்" என்று பலகை தொங்கியது. புகார் கொடுக்க வந்தவர்கள் விசாரணை எங்கே நடக்கிறது என்று கேட்டுக்கொண்டு வந்து, அறை ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். சத்தம் போட வந்தவர்கள்தான். கொஞ்ச நேரம் நின்றதும், "உஷ், மெதுவா" என்று பின்னால் வருகிறவர்களை அடக்க ஆரம்பித்தார்கள்.

சாயங்காலம் அக்காவை அழைத்துப் போக அவர் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் வருவார். புத்தகம் கையில் இல்லாமல் பஸ்ஸில் உட்கார முடியவில்லை என்று அக்கா சொன்னதால் இந்த ஏற்பாடு. என்னைப் பார்த்து ஒருநாள் சொன்னார்: "எல்லாம் என் தப்புதான் தம்பி. பேசாம அந்த பிரிட்ஜை ஆட விட்டிருக்கணும்."

கடைசியாக அந்த நாள் வந்தது. வெளியே வராந்தா நிறைய ஊழியர்களும் ஊர்க்காரர்களுமாகக் கூட்டம். நர்ஸ் அலைந்து திரிந்து, புகைப்படத்தில் உள்ள வீட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் சாவி. ஆனால் உள்ளே விளக்கு எரிகிறது. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கதவைத் தட்டுகிறாள்.

"உள்ளே யாரோ நடந்து வர்ற சத்தம் கேட்குது" என்றார் அக்கா. "கதவு திறந்தது. வாசலில் நின்றது..."

நிறுத்தினார்.

"ம்?" என்றார் தலைமைப் பொறியாளர்.

"அவ்வளவுதான் சார். அதோட பக்கம் முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் இல்லை."

"இல்லைன்னா? யாரோ ஒருத்தர் நின்னுதானே ஆகணும்?"

"நின்னிருப்பாங்க சார்."

"யாரும்மா அது?" சட்ட அலுவலரின் குரலில் கெஞ்சல் இருந்தது.

"தெரியாது சார். ஒருநாள் பஸ்ல போகும்போது அந்தப் பெட்டிக்காரர்தான்னு நினைப்பேன். இன்னொரு நாள் அந்தக் குழந்தைன்னு தோணும். மழை நாள்ல அவ அம்மாவே நிக்கிற மாதிரி இருக்கும். வீட்ல சண்டை போட்டுட்டு வந்த அன்னைக்கு, கதவு காத்துல தானாத் திறந்துச்சு, யாருமே இல்லைன்னு நினைச்சுப்பேன்."

"இதுல எது சரி?"

"எல்லாமே சரிதான் சார். அதனாலதான் நான் இன்னும் முடிக்கலை."

"ஒரு வாசல்ல இத்தனை பேர் நிக்க முடியாதும்மா" என்றார் தலைமைப் பொறியாளர். "அகலம் மூணடிதான் இருக்கும்."

விஷயம் இயக்குநருக்குப் போனது. தலைமைப் பொறியாளர் கதையை அவரிடம் சொல்லும்போது நானும் இருந்தேன். நர்ஸின் காய்ச்சல் வரைக்கும் இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பார்க்கவில்லை. முடிவு இல்லை என்று கேட்டதும் அவர் முகம் சிவந்துவிட்டது.

"முடிவில்லாத கதை நிலுவையில் உள்ள பணிக்குச் சமம். என் துறையில நிலுவை இருக்கக் கூடாது. குழு கூடி ஒரு முடிவு எடுங்க."

குழு கூடியது. வாசலில் நின்றது ஒரு பொறியாளர், இடிந்த பாலத்தைக் கட்ட வந்தவர் என்றார் தலைமைப் பொறியாளர். பெட்டிக்காரரின் சட்டப்படியான மனைவி என்றார் சட்ட அலுவலர். இரண்டு பேரும் விட்டுக் கொடுக்காமல் பேசி, குரல் உயர்ந்து, ஒரு கட்டத்தில் "நர்ஸைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்ற வார்த்தை வரை போய்விட்டது. கடைசியில் இயக்குநரே தலையிட்டு ஒரு முடிவை எழுதச் சொன்னார். எழுதியது நான்தான்.

"வாசலில் நின்றது ஓர் உயர் அதிகாரி. அவர் இரு பெட்டிகளையும் உரியவர்களிடம் உரிய ஒப்புகை பெற்று ஒப்படைத்தார். குழந்தைக்குச் செருப்பு அளிக்கப்பட்டது. அனைவரும் மகிழ்ச்சியடைந்தனர்."

பெயரில்லாத நூலுக்கு "கடமையின் கதவு" என்று பெயரும் சூட்டப்பட்டது. பெயர் வந்துவிட்டது, முடிவு வந்துவிட்டது. ஆகவே அந்தப் புத்தகம் இருப்பதாகத் தீர்மானம் நிறைவேறியது. விசாரணை அறையிலோ வராந்தாவிலோ நின்று கேட்ட ஊழியர் அனைவரும் அதை வாசித்ததாகவே கருதப்படுவார்கள் என்று இயக்குநர் ஆணையிட்டார். ஆளுக்கு ஒன்று கூடியது. துறையின் மொத்தக் கணக்கு ஒரே நாளில் எகிறியது. இயக்குநருடைய கணக்கிலும் ஒன்று ஏறியது. கன்னத்தில் கை வைத்த புதுப் படம் ஒன்று இணையத்தில் வந்தது.

நான் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். "அக்கா, தப்பிச்சீங்க. உங்க புத்தகம் இருக்குன்னு தீர்மானம் போட்டாச்சு. நாளைக்கு ஒரே ஒரு கேள்வி கேட்பாங்க. பதில் இதுதான்." முடிவைச் சொல்லிக் கொடுத்தேன்.

அக்கா கேட்டுக்கொண்டார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் குழு அவரை மலர்ந்த முகத்தோடு வரவேற்றது. சட்ட அலுவலரே நாற்காலியை நகர்த்திப் போட்டார். "ஒரு சம்பிரதாயம்தாம்மா. சொல்லுங்க, வாசலில் நின்றது யாரு?"

நான் அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

"தெரியாது சார்."

"நல்லா யோசிங்க. அங்கீகரிக்கப்பட்ட முடிவு ஒண்ணு இருக்கு."

"அது நீங்க எழுதினது சார். நான் படிச்சதுல அது இல்லை."

சட்ட அலுவலர் தலைமைப் பொறியாளரைப் பார்த்தார். தலைமைப் பொறியாளர் என்னைப் பார்த்தார். நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டேன். அக்கா மேல் அவர்களுக்கு அந்த வேளையில் உண்மையாகவே பாசம் இருந்தது. ஆனால் பாசத்துக்கு விதிகளில் இடமில்லை. அறிக்கை இப்படி முடிந்தது:

"கடமையின் கதவு எனும் நூலின் முடிவு தமக்குத் தெரியாது என்றும், தாம் அதைப் படிக்கவில்லை என்றும் மேற்படி ஊழியர் தாமே ஒப்புக்கொண்டுள்ளார். இவ்வலுவலகத்தில் இந்நூலை வாசிக்காத ஒரே ஊழியர் இவர் என்பது இதனால் தெளிவாகிறது."

கண்காணிப்பாளர் பதவி அடுக்குக்குப் போனது. அக்கா பழைய ஜன்னலிலேயே உட்கார வைக்கப்பட்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பதவி கிடக்கட்டும் சார். என் புத்தகத்தை மட்டும் குடுத்துடுங்க." பொருட்சான்று திருப்பித் தரப்பட மாட்டாது என்று பதில் வந்தது. நான் ஆவண அறைக்குப் போய்த் தேடிப் பார்த்தேன். முத்திரை வைத்த உறைகள் கூரை வரைக்கும் இருந்தன. எல்லாமே ஒரே நிறம்.

அதற்குப் பிறகு அக்கா மறுபடியும் பஸ்ஸில் வர ஆரம்பித்தார். கையில் ஒன்றும் இருக்காது. "வேற புத்தகம் வாங்கித் தரேன்னு சொன்னேன் தம்பி" என்றார் அவர் வீட்டுக்காரர். "ஒண்ணு பாக்கி இருக்கும்போது இன்னொண்ணு எதுக்குங்கிறா."

கொஞ்ச நாள் கழித்து ஜன்னலுக்கு ஒரு பெரியவர் வந்தார். வராந்தாவில் நின்று கதை கேட்டவர்களில் ஒருவர். "ஒரு வாரமா எங்க தெருவுக்குத் தண்ணியே வரலைம்மா" என்று ஆரம்பித்தவர், குரலைத் தாழ்த்தி, "அது இருக்கட்டும், வாசல்ல நின்னது யாரும்மா? இங்க ஏதோ அதிகாரின்னு சொல்றாங்க, எனக்கு நம்பிக்கை வரலை" என்றார்.

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். அசையாத அந்த முகம் லேசாக அசைந்தது.

"உங்க வீட்ல யார் யார் இருக்காங்க ஐயா?"

"யாரும் இல்லைம்மா. பையன் வெளியூர்ல."

"கதவைத் திறந்தது அந்தப் பெட்டிக்காரரோட பையன்தான் ஐயா. அப்பா பெட்டியைப் பார்த்ததும் அடையாளம் தெரிஞ்சுக்கிட்டான். ‘அப்பா எங்க, கூட வரலையா?’ன்னு கேட்டுட்டே செருப்பு கூடப் போடாம தெருவுல இறங்கி ஓடினான்."

பெரியவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர்ப் புகாரை எழுதிக் கொடுக்க மறந்துவிட்டார்.

மறுநாள் நான்கைந்து பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் வரிசை வாசல் வரைக்கும் போனது. எல்லோரும் தண்ணீருக்காகக் கிளம்பி வந்தவர்கள்தான். ஜன்னலுக்கு வந்ததும் அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டார்கள். அக்கா ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, ஒவ்வொருவருக்கும் ஒன்று சொன்னார். புதுசாகக் கல்யாணமான பெண்ணுக்கு ஒன்று, கடன்காரருக்கு ஒன்று. எல்லோரும் திருப்தியாகத் திரும்பிப் போனார்கள். எழுதிக் கொடுத்த புகார் என்று பார்த்தால் ஒன்றுகூட இல்லை.

புகாரே வராத குடிநீர் அலுவலகம் என்று எங்களுக்குக் கேடயம் கிடைத்தது. புகார்ப் பிரிவின் கண்காணிப்பாளர் என்ற முறையில் அடுக்கு மேடையேறி வாங்கினான். கேடயத்துக்குப் பக்கத்தில் காபிக் கோப்பை வைத்துப் படம் எடுத்தான். புகாரே இல்லாத ஊரில் குழாய் பழுதுபார்க்க எதற்குப் பணம் என்று மேலிடம் அந்த நிதியை ரத்து செய்தது. அந்த நிதியைக் காப்பாற்ற வேண்டிய இயக்குநர் அடுத்த வருஷக் கணக்குக்கு அட்டைகளை வாசித்துக்கொண்டிருந்தார்.

அந்த மாதமே எங்கள் தெருவிலும் தண்ணீர் நின்றது. ஒன்றிரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். என் மனைவி விடவில்லை. "அந்த ஆபீஸ்லதானே குப்பை கொட்டுறீங்க? ஒரு புகார் குடுக்கத் துப்பில்லையா?" என்றாள். விடுமுறை போட்டுவிட்டு, பொதுமக்களோடு வரிசையில் நின்றேன். முறையாகச் செய்தால்தானே மரியாதை.

என் முறை வந்தது. அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தார். "என்ன சுருக்கு, நீயுமா?"

"ஆமாக்கா" என்றேன். அதற்கு மேல் நடந்தது எனக்கே சரியாகப் புரியவில்லை. வீடு வந்து சேர்ந்தபோது மனசு ரொம்ப லேசாக இருந்தது.

மனைவி காலி வாளியோடு வாசலிலேயே நின்றிருந்தாள். "போனீங்களே, என்ன சொன்னாங்க?"

"நர்ஸோட அப்பாவாம்" என்றேன். "சின்ன வயசுல விட்டுட்டுப் போன அப்பா. அவர்தான் கதவைத் திறந்தாராம்."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். சரி, இன்றைக்கு நமக்கு இருக்கிறது என்று நினைத்தேன்.

"அப்பாவா? அது எப்படிங்க?" என்றாள். "நான் நேத்துப் போய்க் கேட்டப்போ நர்ஸோட அக்கான்னுல்ல சொன்னாங்க?"